ஸ்டோன்ஹெஞ்ச் ஒரு களவெட்டியா?

கேள்வி இதுதான்: "அப்பப்பா காலத்துக் களவெட்டியின், அதாவது நெற்கதிரை மாடு விட்டு மிதிக்கும் களத்தின், பழைய படம் ஒன்று வீட்டில் கிடந்தது. வட்டமான தரை, பிணைத்துவிட்ட மாடுகள், ஓரத்தில் கம்பங்கள். இங்கிலாந்தில் பழங்காலக் கற்கள் நிற்கும் ஸ்டோன்ஹெஞ்சும் வட்டம்தான். அதுவும் ஒரு காலத்தில் சூடு (அரிந்து குவித்த கதிர்) மிதித்த களவெட்டி, கம்பத்துக்குப் பதிலாகக் கல் நட்டிருக்கிறார்கள் என்று நான் சொன்னால் யாராவது மறுக்க முடியுமா?"

மறுக்க முடியும், தம்பி. ஆனாலும் இந்தக் கருத்தைச் சும்மா தள்ளிவிட மனமில்லை. மெர்லின் என்ற மந்திரவாதி அயர்லாந்திலிருந்து தூக்கி வந்த கற்கள் என்று 12ஆம் நூற்றாண்டில் எழுதினார்கள். உரோமர் கட்டிய கோயில் என்று 17ஆம் நூற்றாண்டில் எழுதினார்கள். அவற்றோடு பார்த்தால் உங்கள் கருத்து தரையில் கால் ஊன்றி நிற்கிறது. அந்த இடத்தில் என்ன வேலை நடந்திருக்கும் என்று நீங்கள் கேட்கிறீர்கள். வேலை என்றால் அதற்கு இடம் வேண்டும், தரை வேண்டும், சூடு மிதிப்பென்றால் காற்றும் வேண்டும், வேலை முடிந்தபின் கழிவு மிஞ்ச வேண்டும். இவற்றை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் களவெட்டி. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வெட்டு மெசின் வருவதற்கு முன்பு ஒவ்வொரு வட்டையிலும் (வயல்வெளியிலும்) களவெட்டிகள் இருந்தன. வெள்ளம் தேங்காத மேட்டுத் தரையைப் பார்த்துப் புல் செதுக்கி, பள்ளம் நிரப்பி, தண்ணீர் தெளித்து இறுக்கி, சாணத்தைக் கரைத்து மெழுகிக் காயவிடுவார்கள். நன்றாகக் காய்வதற்குள் மாட்டை இறக்கினால் குளம்பு சாண மெழுக்கைப் பெயர்த்துவிடும். பிறகு நெல்லில் மண் ஏறும், அரிசியில் கல் கடிபடும். காய்ந்த தரையில் சூட்டைப் பிரித்துக் கதிரைப் பரப்பி, மாடுகளை ஒரே வரிசையில் கழுத்தோடு கழுத்தாகப் பிணைத்துச் சுற்ற விடுவார்கள். வேலைக்காரன் கம்பால் வைக்கோலைக் கிளறிக் கிளறிப் புரட்ட வேண்டும். படுக்கை தடித்தால் அடியில் உள்ள கதிர் மிதிபடாது, மெலிந்தால் நெல்லே உடைந்து நொறுங்கும்.

மாட்டு வரிசைக்கு ஒரு கணக்கு இருக்கிறது, அதுதான் உங்கள் கேள்விக்கு முக்கியம். ஒரு மாட்டுக்குப் பக்கவாட்டில் முக்கால் மீற்றர் என்று வைத்தால் 5 மாட்டு வரிசை 4 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. உள்ளே நிற்கும் மாடு கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே திரும்பும். வெளியே நிற்கும் மாடு அதே நேரத்தில் பல மடங்கு தூரம் நடக்க வேண்டும். ஆகவே கிழட்டு மாட்டை, சாதுவான மாட்டை உள்ளே கட்டி, இளசை வெளியே கட்டுவார்கள். மாற்றிக் கட்டினால் வரிசை இழுபடும், கயிறு கழுத்தை அறுக்கும். இந்த வரிசை சுற்றுவதற்கு 8 முதல் 10 மீற்றர் விட்டமுள்ள தரை போதும். அதைவிடப் பெரிதாக்கினால் மிதிபடாத இடம்தான் கூடும்.

இனி ஸ்டோன்ஹெஞ்ச். இங்கிலாந்தின் தெற்கே வில்ட்ஷயரில், சாலிஸ்பரி சமவெளியில் இருக்கிறது. படத்தில் தெரியும் கற்களுக்கு முன்பே, கி.மு. 3000 அளவில், சுமார் 110 மீற்றர் விட்டத்தில் ஒரு வட்டப் பள்ளமும் அதன் உட்புறத்தில் மண் அணையும் எடுத்திருந்தார்கள். உள்ளே 56 குழிகள் ஒரு வளையமாக இருக்கின்றன. இப்போது நாம் பார்க்கும் பெரிய கற்கள் கி.மு. 2500 அளவில் வந்தவை. சார்சன் என்ற மிகக் கடினமான மணற்கல்லில் 30 தூண்களை 30 மீற்றர் விட்டத்தில் நட்டு, அவற்றின் தலையில் 30 குறுக்குக் கற்களை வளையமாகப் பொருத்தியிருந்தார்கள். இன்று அந்த வளையத்தில் 17 தூண்கள் நிற்கின்றன. அதற்குள்ளே இரண்டு தூணும் ஒரு குறுக்குக் கல்லுமாக 5 பெரிய வாசல்கள், குதிரை இலாட வடிவில். இவற்றுக்கு இடையிலும் உள்ளேயும் நீலக்கல் எனப்படும் சிறிய கற்கள்.

இங்கேதான் உங்கள் கருத்துக்கு முதல் அடி. 30 மீற்றர் விட்டம் என்றால் பரப்பு சுமார் 700 சதுர மீற்றர், பெரிய போடியார் (நிலக்கிழார்) ஒருவரின் களவெட்டிகளை ஒன்றாகச் சேர்த்தது போல. ஆனால் அது வெறுந்தரை இல்லை. வெளி வளையத்துக்கும் அதனுள்ளே இருந்த நீலக்கல் வளையத்துக்கும் இடையில் இருப்பது ஏறத்தாழ 3 மீற்றர் ஓடைதான். அதற்குள் 4 மாடு பக்கத்தில் பக்கம் நடக்கலாம், ஆனால் மிதிக்கக் கதிர் பரப்பினால் கிளற ஆள் நிற்க இடமில்லை. நடுவிலே இன்னும் பெரிய கற்கள் நிற்கின்றன. மாடு கொம்பைச் சிலுப்பும் போதெல்லாம் கல்லில் மோதும். பிணையல் வளையத்தின் நடுவில் ஒரு கம்பம் இருந்தால் உதவி. இத்தனை தூண்கள் இருந்தால் கயிறு ஒவ்வொன்றிலும் சிக்கும்.

காற்றைப் பாருங்கள். சூடு மிதிப்பதோடு வேலை முடிவதில்லை, பொலி தூற்ற வேண்டும். சுளகை உயர்த்திச் சரிக்கும்போது ஒரே பக்கத்திலிருந்து சீராகக் காற்று வந்தால் மணி நெல் காலடியில் விழும், சப்பி (பதர்) சற்றுத் தள்ளி விழும், தூசும் கூளமும் அப்பால் போகும். காற்று திரும்பித் திரும்பி அடித்தால் சப்பி பொலிக்குள்ளேயே வந்து விழும், மறுபடியும் தூற்ற வேண்டும். அதனால்தான் களவெட்டிக்குப் பக்கத்தில் மரம் நிற்பதையே விரும்ப மாட்டார்கள். ஸ்டோன்ஹெஞ்சின் வெளி வளையத் தூண் ஒவ்வொன்றும் நிலத்துக்கு மேலே 4 மீற்றருக்குச் சற்றுக் கூடுதல் உயரம், 2 மீற்றர் அகலம். இரு தூணுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒரு மீற்றர் அளவுதான். அப்படி ஒரு சுவரில் காற்று மோதினால் இடைவெளிகளில் பீறிட்டு வரும், தூணுக்குப் பின்னால் சுழலும். பொலி தூற்ற இதைவிட மோசமான இடத்தைத் தேடிப் பிடிப்பது கடினம்.

கற்களின் உட்பக்கம் ஒலியை அடைத்து வைக்கிறது என்பதும் சோதிக்கப்பட்டிருக்கிறது. சால்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் 12இல் ஒரு பங்கு அளவில் முழு மாதிரி செய்து ஒலி விட்டுப் பார்த்தார்கள். உள்ளே பேசுபவரின் குரல் உள்ளே இருப்பவர்களுக்கு வலுவாகக் கேட்கும், வெளியே நிற்பவர்களுக்கு அவ்வளவாகச் சேராது. அடைத்து வைக்கும் இடம் அது. களவெட்டி திறந்து கிடக்க வேண்டிய இடம்.

தரையும் ஒத்துவராது. அந்தச் சமவெளியின் அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. புல்லைச் செதுக்கினால் வெள்ளையாக வரும், மாட்டுக் குளம்பு பட்டால் பொடிப்பொடியாகும். எங்கள் பக்கத்துக் களிமண்ணோ புற்றுமண்ணோ போல இறுகாது. களிமண் கொண்டுவந்து போட்டு மெழுகியிருந்தால், தோண்டியவர்களுக்கு அந்தப் படை தெரிந்திருக்கும். 1901 முதல் 20ஆம் நூற்றாண்டு முழுவதும் அங்கே பலமுறை தோண்டியிருக்கிறார்கள். கல் செதுக்கிய சில்லுகள் ஏராளமாகக் கிடைத்தன, மெழுகிய களத்தரை கிடைக்கவில்லை.

கழிவுதான் தீர்மானமான சாட்சி. களவெட்டி எங்கே இருந்ததோ அங்கே உமியும் கூளமும் மிஞ்சும். நெருப்புப் பட்ட உமி கரியாகி ஆயிரக்கணக்கான ஆண்டு கிடக்கும். வைக்கோலில் உள்ள கண்ணுக்குத் தெரியாத மணல்சத்துத் துணுக்குகள் மட்கவே மாட்டா. ஆனால் பிரித்தானியாவில் கி.மு. 4000 அளவில் தொடங்கிய தானியப் பயிர்ச்செய்கை, கி.மு. 3300க்குப் பிறகு பெரும்பாலான இடங்களில் மெலிந்துவிட்டது. பெரிய கற்களை நட்ட மக்கள் முக்கியமாக மாடும் பன்றியும் வளர்த்தவர்கள், காட்டில் ஹேசல் கொட்டை பொறுக்கியவர்கள். மூன்று கிலோமீற்றர் தள்ளி டுரிங்டன் வோல்ஸ் என்ற இடத்தில் அக்காலத்துக் குடியிருப்பைத் தோண்டியபோது பன்றி எலும்பு குவியல் குவியலாக வந்தது, தானியம் மிக அரிது. மிதிப்பதற்குக் கதிரே இல்லாத ஊரில் இவ்வளவு பெரிய களவெட்டி எதற்கு? அதற்கு முந்திய காலத்தில் விளைந்த எம்மர் கோதுமையும் நெல் மாதிரி மிதித்தால் உதிர்வதில்லை. மிதித்தால் கதிர் துண்டு துண்டாக உடையும், உமி மணியை விடாது. உரலில் இட்டுக் குற்றித்தான் பிரிக்க வேண்டும்.

கல் வேலையைப் பார்த்தால் இன்னும் தெளியும், எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். ஒரு கம்பத்துக்குப் பதிலாகக் கல் நட்டார்கள் என்கிறீர்கள். மாடு கட்டக் கல் நடுவதென்றால் ஓர் ஆள் உயரக் கல், முழங்கால் ஆழக் குழி, போதும். இவர்கள் நட்டது சராசரி 25 தொன் எடை. 2020இல் வெளியான ஆய்வில், எஞ்சியிருக்கும் 52 சார்சன் கற்களில் 50க்கு மூலம் சுமார் 25 கிலோமீற்றர் வடக்கே உள்ள வெஸ்ட் வூட்ஸ் என்று தெரிய வந்தது. நீலக்கற்கள் 2 முதல் 5 தொன், ஆனால் வேல்சின் மேற்கே பிரெசெலி மலையிலிருந்து 200 கிலோமீற்றருக்கு மேல் வந்தவை. நடுவில் கிடக்கும் பலிபீடக் கல் என்பது 6 தொன். அது ஸ்கொட்லாந்தின் வடகிழக்கிலிருந்து வந்தது என்று 2024இல் கண்டறிந்தார்கள், 700 கிலோமீற்றருக்கும் கூடிய தூரம்.

எப்படி இழுத்தார்கள்? 2016இல் இலண்டன் மாணவர்கள் மரச் சறுக்கில் ஒரு தொன் கல்லை வைத்து, கீழே மரக்கட்டைகளைப் பரப்பி இழுத்துப் பார்த்தார்கள். பத்துப் பேர் சேர்ந்தால் மணிக்கு ஒன்றரைக் கிலோமீற்றர் போக முடிந்தது. அதே கணக்கில் 25 தொன்னுக்கு 250 பேர். 1995இல் கொழுப்புப் பூசிய மரத் தண்டவாளத்தின் மேல் 40 தொன் கொங்கிரீட் கல்லை 130 பேர் இழுத்திருக்கிறார்கள், அதாவது தரையைச் சரியாகத் தயார் செய்தால் ஆள் பாதிக்கும் கீழே குறையும். கொக்கட்டிச்சோலைத் தேரோட்டத்தில் வடம் பிடித்தவர்களுக்கு இது விளங்கும். கனமான பொருள் அசைந்த பிறகு இழுப்பது பெரிய காரியமில்லை. முதல் அசைவுதான் கடினம், நிறுத்துவது அதைவிடக் கடினம். இறக்கத்தில் கல் சறுக்கினால் முன்னே இழுப்பவர்கள்தான் அகப்படுவார்கள். ஆகவே பின்னாலும் கயிறு பிடிக்க ஆள் வேண்டும்.

நட்ட விதம் குழிகளிலேயே எழுதியிருக்கிறது. செம்மான் கொம்பைக் கோடரி போலப் பிடித்துச் சுண்ணாம்பைப் பெயர்த்தார்கள், அந்தக் கொம்புகள் இன்றும் குழிகளுக்குள் கிடைக்கின்றன. குழியின் ஒரு பக்கம் சரிவு, எதிர்ப் பக்கம் செங்குத்து. செங்குத்துப் பக்கத்தில் மரக் கம்புகளை வரிசையாக அடித்திருந்தார்கள். கல்லின் அடி சரிவில் இறங்கி மறுபக்கத்தில் மோதும்போது சுவர் இடியாமல் அந்தக் கம்புகள் தாங்கும், கல் வழுக்கி இறங்கவும் உதவும். அடி குழிக்குள் விழுந்ததும் கல் சாய்ந்து நிற்கும். அதன் பிறகு கயிறு கட்டி இழுத்து நிமிர்த்தி, இடைவெளியில் கற்களையும் சுண்ணாம்புக் கட்டிகளையும் அடித்து இறுக்கினார்கள்.

இதில் பிழையாய்ப் போன ஒரு கல்லும் உண்டு. நடுவில் இருந்த மிகப் பெரிய வாசலின் இரண்டு தூண்களையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஆனால் ஒரு கல் மற்றதைவிடக் குட்டை. ஆய்வாளர்கள் இட்ட எண்ணின்படி 56ஆம் கல்லை 2.4 மீற்றர் ஆழத்தில் புதைத்தவர்கள், அதன் சோடியான 55ஆம் கல்லை அதில் பாதி ஆழத்தில்தான் புதைக்க முடிந்தது. ஈடு செய்ய அதன் அடியை முழுதும் செதுக்காமல் கட்டையாகப் பெருக்க விட்டார்கள். போதவில்லை. 55 விழுந்து உடைந்து கிடக்கிறது. 56 சாய்ந்து நின்று, 1901இல் நிமிர்த்தப்பட்டு இன்றும் ஏழு மீற்றர் அளவு உயரத்தில் நிற்கிறது.

56ஆம் கல்லின் உச்சியைக் கவனித்துப் பாருங்கள். தலையில் ஒரு குமிழ் துருத்திக்கொண்டு நிற்கும். அது தச்சு வேலைக் கழுந்து. குறுக்குக் கல்லின் அடியில் அதற்கேற்ற துளை. வெளி வளையத்தில் ஒவ்வொரு தூணுக்கும் இரண்டு கழுந்து, குறுக்குக் கற்களின் முனைகளில் பலகை இணைப்பது போல நாக்கும் காடியும். குறுக்குக் கற்கள் நேராகவும் இல்லை, வட்டத்தோடு சேர்ந்து இலேசாக வளைகின்றன. சார்சன் கல்லில் ஒரு கழுந்தை வரவழைக்க வேண்டுமானால், உச்சியின் மீதிப் பரப்பு முழுவதையும் இன்னொரு சார்சன் உருண்டையால் இடித்து இடித்துப் பொடியாக்க வேண்டும். மாடு கட்டும் கம்பத்துக்கு யாரும் இவ்வளவு பாடுபட மாட்டார்கள். மரத்தில் வட்ட மண்டபம் கட்டிப் பழகிய தச்சர்களின் கை இது.

முதலில் சொன்ன 56 குழிகளுக்கு வருகிறேன். அவை மாட்டுக் கட்டைகளின் குழிகளாக இருக்கலாமே என்று நீங்கள் சொல்லக்கூடும். வளையத்தின் விட்டம் சுமார் 87 மீற்றர், ஆகவே குழிக்குக் குழி 5 மீற்றர் அளவு, மாடு கட்டப் பொருத்தமான இடைவெளிதான். ஆனால் அவற்றுக்குள்ளிருந்து எரித்த மனித எலும்பு வந்தது. பல நூற்றாண்டு காலம் அது பிரித்தானியாவின் பெரிய சுடலைகளில் ஒன்றாக இருந்திருக்கிறது. சுடலையில் யாரும் சூடு வைக்க மாட்டார்கள் என்று நாங்கள் சொல்லலாம். அது எங்கள் வழக்கம், அவர்களின் வழக்கத்துக்குச் சாட்சியாகாது. எலும்பு மட்டும் சாட்சி. கல்லை இறந்தவர்களுக்காக எடுக்கும் வழக்கம் எங்களுக்கும் தூரமில்லை: வாகரைக்கு வடக்கே கதிரவெளியில் பெருங்கற்காலக் கற்பதுக்கைப் புதைகுழிகள் இருக்கின்றன, ஸ்டோன்ஹெஞ்சைவிட மிகவும் பிந்தியவை. மட்டக்களப்பில் கல் வரலாறு பற்றிப் பேசுபவர்கள் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

சூரியன் சங்கதி தெரிந்திருக்கும். ஸ்டோன்ஹெஞ்சின் நடுக்கோடு ஒரு பக்கம் ஜூன் மாத நீண்ட பகலின் சூரிய உதயத்தையும், மறுபக்கம் டிசம்பர் மாதக் குறும்பகலின் மறைவையும் பார்க்கிறது. மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் நின்று பார்த்தால் ஆண்டு முழுவதும் சூரியன் உதிக்கும் இடம் அடிவானத்தில் 47 பாகை அளவு நகரும். ஸ்டோன்ஹெஞ்சில் அது கிட்டத்தட்ட 80 பாகை. இங்கே பகல் நீளம் ஒரு மணித்தியாலத்துக்குள்தான் கூடிக் குறையும், அங்கே டிசம்பரில் 8 மணித்தியாலத்துக்கும் குறைந்த பகல், ஜூனில் 16 மணித்தியாலத்துக்கும் கூடிய பகல். அப்படிப்பட்ட நாட்டில் சூரியன் திரும்பும் நாளைக் குறிப்பது பெரிய காரியம். ஆனால் அறுவடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அங்கே கதிர் முற்றுவது ஓகஸ்டில். டுரிங்டனில் தின்ற பன்றிகளில் பல, ஒன்பது மாத வயதில் கொல்லப்பட்டவை. வசந்தத்தில் பிறந்தவை என்றால் வெட்டியது நடுக்குளிர் காலத்தில். மக்கள் அங்கே ஒன்றுகூடிய நேரம் அதுதான்.

ஆக, களவெட்டி இல்லை. ஆனால் உங்கள் படத்தில் இருந்த மாட்டை நான் விடமாட்டேன். அந்த மாடு ஸ்டோன்ஹெஞ்சில் உண்மையாகவே இருந்தது. சுற்றுப் பள்ளத்தின் மண்ணில் கிடைத்த நுணுக்கமான நத்தை ஓடுகள், மேய்ச்சலில் கட்டையாகத் தின்னப்பட்ட புல்வெளியில் வாழும் வகைகள். பள்ளத்தின் வாசல்களில் மாட்டுத் தாடை எலும்புகளை வைத்திருந்தார்கள். சில எலும்புகள், பள்ளம் வெட்டுவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே பேணி வைத்தவை. 1924இல் தெற்கு வாசலருகே கிடைத்த தாடையின் ஒரு கடைவாய்ப்பல்லை ஒன்பது சீவலாக வெட்டி இரசாயனம் பார்த்த ஆய்வு 2025இல் வெளியானது. அந்தப் பசு மேய்ந்த நிலம் வேல்ஸ் பக்கத்துப் பழைய பாறை நிலமாக இருக்கலாம் என்கிறார்கள், நீலக்கற்கள் வந்த திசை. அயர்லாந்தில் கில்ஷேன் என்ற இடத்தில் கிடைத்த கி.மு. 3500 அளவு மாட்டுக் கால் எலும்புகளில், பாரம் இழுத்த மாட்டுக்கு வரும் தேய்வும் விரிவும் காணப்பட்டன. மாட்டைப் பூட்டி இழுக்கும் வித்தை பெரிய கற்கள் வருவதற்கு ஆயிரம் ஆண்டு முன்பே அந்தத் தீவுகளில் இருந்தது.

எனவே உங்கள் கருத்தை இப்படித் திருத்திப் பாருங்கள்: மாட்டைப் பிணையலிலிருந்து அவிழ்த்து, வேல்சிலிருந்து வந்த நீலக்கல்லின் முன்னால் பூட்டுங்கள். இரண்டு தொன் கல்லுக்கு இருபது பேர் தேவைப்படும் இடத்தில் சில சோடி எருதுகள் எவ்வளவு இழுக்கும், சேற்றில் எங்கே நிற்கும், இறக்கத்தில் யார் பின்கயிறு பிடிப்பது என்பதெல்லாம் செய்து பார்த்து அளக்கக்கூடிய விடயங்கள். சாட்சி தேட வேண்டிய இடம் கற்களுக்குள் இல்லை, டுரிங்டன் குப்பைக் குழிகளில் உள்ள மாட்டுக் கால் எலும்புகளில். முன்னங்காலின் குளம்புக்கு மேலே உள்ள மூட்டு ஒரு பக்கமாக அகன்று தேய்ந்திருந்தால், அந்த மாடு புல் மேய்ந்ததோடு மட்டும் நிற்கவில்லை என்று பேசத் தொடங்கலாம்.